ஒரு மணி நேரத்தில் இனப்பாகுபாட்டைப் பற்றி என்ன கற்பிப்பது?

வடகாற்று (யார்க்‌ஷயர்) – இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கே குடும்ப மருத்துவர். கூடவே ஒரு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். இந்த ஆண்டு 'இனப்பாகுபாடும் மருத்துவமும்' என்ற வகுப்பு என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. ஏன் எனக்கு என்று கேட்கவில்லை. ஆசிரியர் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

ஒரு மணி நேரம் தந்திருக்கிறார்கள். முன்பு எடுத்தவரின் ஸ்லைடுகளைப் புரட்டினேன். பல நிறக் கைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் படம், 'நம் மனச்சாய்வுகளை உணர்வோம்' என்ற வாசகம், கடைசியில் யாரும் தோற்க முடியாத ஒரு வினாடிவினா. இதைக் கேட்டுவிட்டு மறுநாள் வார்டில் எவரும் எதையும் வேறு விதமாகச் செய்திருக்க மாட்டார்.

அதற்குப் பதில் பெரும்பகுதி நேரத்தை ஒரே ஒரு கதைக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியின் கதை.

1970களின் இறுதியில் அங்கே ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்பதில் ஆளுக்கு ஆள் தீர்ப்பு மாறியது. சேர்க்கையைக் கவனித்துவந்த ஜெஃப்ரி ஃபிராங்லன் என்ற மருத்துவர் இதைச் சரிசெய்ய ஒரு கணினி நிரல் எழுதினார். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். 1979இல் சோதித்தபோது தேர்வாளர்களின் முடிவும் நிரலின் முடிவும் 90 முதல் 95 விழுக்காடு ஒத்துப்போயின. 1982 முதல் முதற்கட்டத் தேர்வு முழுவதையும் நிரலே செய்தது.

அப்படி ஒத்துப்போனதில்தான் வினை. விண்ணப்பத்தில் இனம் பற்றிய கேள்வியே கிடையாது. நிரல் பெயரையும் பிறந்த இடத்தையும் பார்த்துக்கொண்டது. பெயர் ஐரோப்பியப் பெயராக இல்லாவிட்டால் மதிப்பெண் குறைந்தது. பெண்ணாக இருந்தாலும் குறைந்தது. ஆண்டுக்கு 60 பேர் வரை இதனால் மட்டுமே நேர்காணலை இழந்திருக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டார்கள். வெளிக்கொண்டுவந்தவர்கள் அங்கேயே பணியாற்றிய இருவர்: ஜோ காலியர், ஆக்ரி பர்க். 1986இல் அவர்கள் இன சமத்துவ ஆணையத்திடம் போனார்கள். கல்லூரி பாகுபாடு காட்டியது உண்மை என்று 1988இல் ஆணையம் அறிவித்தது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. லண்டனின் மற்றப் பல மருத்துவக் கல்லூரிகளைவிட அங்கே வெள்ளையரல்லாத மாணவர்கள் கூடுதலாகவே இருந்தார்கள். செயின்ட் ஜார்ஜ் மாட்டிக்கொண்டதற்குக் காரணம், அது தன் பாரபட்சத்தை வரிவரியாக எழுதி வைத்திருந்தது. மற்றவர்கள் தலைக்குள் வைத்திருந்தார்கள். தலையைத் தணிக்கை செய்ய ஆள் ஏது?

மாணவர்களிடம் மனத்தைச் சுத்தப்படுத்தச் சொல்வதைவிட, கையில் தரப்படும் சூத்திரத்தையும் மதிப்பெண் முறையையும் படத்தையும் சந்தேகப்படக் கற்றுக்கொடுப்பது மேல் என்பது என் கட்சி. இந்த ஒரு கதை போதுமா? வேறு எதைச் சேர்ப்பீர்கள்?

மெல்லினம் (லண்டன், பேறுகால மருத்துவிச்சி)

அண்ணா, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அது சேர்க்கையைப் பற்றியது. சேர்ந்துவிட்ட பிறகு என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதையும் எடுங்கள்.

குழந்தை பிறந்த முதல் நிமிடத்தில் நாங்கள் போடும் ஆப்கார் மதிப்பெண் உங்களுக்குத் தெரியும். வெர்ஜீனியா ஆப்கார் 1950களின் தொடக்கத்தில் உருவாக்கியது. எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது. அதன் ஐந்து கூறுகளில் ஒன்று நிறம். உடல் முழுவதும் இளஞ்சிவப்பாக இருந்தால் 2. கானாவிலிருந்து வந்த தாயின் குழந்தைக்கும், கிளிநொச்சித் தாயின் குழந்தைக்கும் 'உடல் முழுவதும் இளஞ்சிவப்பு' என்று குறிப்பேட்டில் எழுதியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர் குழந்தையைப் பார்த்து எழுதவில்லை, பாடத்தை நினைத்து எழுதியிருக்கிறார். நாக்கு, ஈறு, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு மூத்த ஜமைக்கா மருத்துவிச்சி. பாடநூல் சொல்லவில்லை.

மஞ்சள் காமாலையும் அப்படித்தான். ஒரு வார்டில் பாட்டி ஒருவர் 'பிள்ளையின்ரை கண் மஞ்சளாக் கிடக்கு' என்று இரண்டு தரம் சொன்னார். வந்து பார்த்த இளம் மருத்துவர் கன்னத்தையும் மார்பையும் அழுத்திப் பார்த்து, நிறம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். காமாலை நிறமியான பிலிருபினை இரத்தத்தில் அளந்தபோது ஒளிச்சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மேலே இருந்தது. அந்த மருத்துவர் கெட்டவர் இல்லை, மிகவும் பணிவானவர். அவருக்கு வெள்ளைத் தோலில் மட்டும்தான் காமாலையைக் காட்டியிருக்கிறார்கள்.

2023இல் தேசிய மருத்துவச் சேவையின் இன நலவாழ்வு ஆய்வகம் இதே மூன்றைத்தான் எடுத்துக்கொண்டது: ஆப்கார், நீலம் பாரித்தல், காமாலை. நிறத்தை நம்பும் இந்தச் சோதனைகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அறிக்கை வந்தது. தாய்மார்களின் கணக்கும் உங்களுக்குத் தெரியும். பிரிட்டனில் பேறுகாலத்தில் இறக்கும் கறுப்பினத் தாய்மாரின் வீதம் ஒரு காலத்தில் வெள்ளையரைப்போல் நான்கு மடங்கு. பின்னர் வந்த அறிக்கைகளில் இரண்டு முதல் மூன்று மடங்காக இருக்கிறது. ஆசியத் தாய்மாருக்கும் வெள்ளையரைவிடக் கூடுதல். இது முழுவதும் பாடநூலின் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் பாடநூலை நாம் திருத்த முடியும்.

வடகாற்று

மெல்லினம், இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. 2020இல் கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்டும் 'மைண்ட் த கேப்' கையேடு வந்ததல்லவா? அதைத் தொடங்கிய மலோன் முக்வெண்டே அப்போது ஒரு மருத்துவ மாணவர். 'இது கறுப்புத் தோலில் எப்படி இருக்கும்?' என்று வகுப்பில் கேட்டுக் கேட்டுப் பதில் கிடைக்காமல், ஆசிரியர்கள் பீட்டர் டமோனி, மார்கோ டர்னர் இருவரோடும் சேர்ந்து தானே உருவாக்கினார். படித்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? அதே செயின்ட் ஜார்ஜில்.

நெல்லைச்சீமை (பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற பொது மருத்துவர்)

தம்பி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கறுத்த தோலிலேயே நோய் பார்த்தவன் நான். காமாலைக்குக் கண்ணைப் பார், சோகைக்கு இமையை விலக்கிப் பார் என்பது எங்களுக்கு முதல் பாடம். லண்டனில் இதைக் கண்டுபிடிப்பாகச் சொல்கிறார்கள் என்றால் சிரிப்புத்தான் வருகிறது. இத்தனைக்கும் நாங்கள் படித்ததும் அதே வெள்ளைக்காரப் பாடநூல்கள்தான். படம் வெள்ளையனுடையது, படுக்கையில் கிடப்பவர் நம்மவர். இரண்டுக்கும் நடுவே எங்கள் ஆசிரியர்கள் பாலம் போட்டார்கள்.

படத்தை மாற்றுங்கள், ஒப்புக்கொள்கிறேன். சூத்திரத்தில் கை வைப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. உடல்கள் வேறுபடுகின்றன. வேறுபாட்டை அளப்பது இனவெறி ஆகாது. அமெரிக்காவில் சிறுநீரகச் சூத்திரத்திலிருந்து இனத்தைத் தூக்கியதை ஏதோ விடுதலைப் போராட்டம்போல எழுதுகிறார்கள். அது அறிவியலா, அரசியலா?

கல்லணை (மிச்சிகன், சிறுநீரக மாற்றுப் பிரிவு)

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். இது என் அன்றாட வேலை என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை நேரடியாக அளப்பது சிரமம். எனவே தசையிலிருந்து இரத்தத்தில் சேரும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளை வைத்து மதிப்பிடுகிறோம். 1999இல் வந்த சூத்திரத்தின் எளிய வடிவில் நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.21ஆல் பெருக்கு என்று இருந்தது. 2009இல் வந்த அடுத்த சூத்திரத்தில் அது ஏறக்குறைய 1.16 ஆனது. சொல்லப்பட்ட காரணம், கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம், ஆகவே கிரியாட்டினினும் அதிகம் என்பது. தசையை யாரும் அளக்கவில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் வாழும் வெள்ளை இளைஞருக்குப் பெருக்கல் கிடையாது. எண்பது வயதில் எலும்பும் தோலுமாகக் கிடக்கும் கறுப்பின மூதாட்டிக்கு உண்டு. தந்தை கறுப்பினம், தாய் வெள்ளை என்றால்? வரவேற்பு மேசையில் இருப்பவர் எந்தப் பெட்டியில் குறியிட்டாரோ அதுதான் உடலியல்.

இதன் விலையைப் பாருங்கள். சிறுநீரக மாற்றுக்கான காத்திருப்புப் பட்டியலில் நாள் எண்ணத் தொடங்க இந்த மதிப்பு 20 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். ஒருவருக்கு 18 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையர் என்றால் இன்றே பட்டியலில் ஏறலாம். கறுப்பினத்தவர் என்றால் 1.16ஆல் பெருக்கியதும் ஏறக்குறைய 21 ஆகிவிடும். இன்னும் கெட்டுப்போனபின் வாருங்கள் என்று அர்த்தம்.

பாஸ்டனில் ஒரு மருத்துவமனை 2017இலேயே இந்தப் பெருக்கலைக் கைவிட்டது. 2020இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனைகள் கைவிட்டன. இரண்டு இடத்திலும் 'ஏன் பெருக்குகிறோம்?' என்று விடாமல் கேட்டவர்களில் மருத்துவ மாணவர்கள் முன்னே நின்றார்கள். 2021 செப்டம்பரில் தேசிய அளவிலான நிபுணர் குழு இனம் இல்லாத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. 2023 முதல், பழைய சூத்திரத்தால் தாமதமான கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தைப் பின்தேதியிட்டுத் திருத்த வேண்டும் என்று எல்லா மாற்றுச் சிகிச்சை மையங்களுக்கும் உத்தரவு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அப்படித் திருத்தியாயிற்று. சிலருக்குக் கணக்கில் ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன.

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. என் பதில்: பெருக்கலைச் சேர்த்ததிலும் அரசியல் இருந்தது, அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நெல்லைச்சீமை

கல்லணை, விளக்கமாக எழுதினீர்கள், நன்றி. சிறுநீரக விஷயத்தில் தசையை அளக்காமல் தோலை அளந்தது தவறு என்பதை ஏற்கிறேன். ஆனால் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். பெருக்கலை எடுத்ததும் கறுப்பினத்தவர் பலருக்கு மதிப்பு இறங்கும். இறங்கினால் சில மருந்துகளின் அளவைக் குறைப்பார்கள், சிலவற்றை நிறுத்துவார்கள். உறவினருக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வருபவரை, உனக்கே குறைவு என்று திருப்பி அனுப்புவார்கள்.

அடுத்து, நம் வீட்டுக்கே வருவோம். உடல் நிறை குறியீடு 25 தாண்டினால்தான் அதிக எடை என்பது ஐரோப்பியக் கணக்கு. தெற்காசியருக்கு 23லேயே எச்சரிக்கை, 27.5 வந்தால் பருமன் என்று பிரிட்டனிலேயே வழிகாட்டி இருக்கிறது. ஒல்லியான உடல், முன்னே தள்ளிய வயிறு, நாற்பதில் சர்க்கரை: இது நம் ஊர்த் தெருவெல்லாம் இருக்கிறது. இனத்தைச் சூத்திரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்றால் இதையும் எடுப்பீர்களா? எடுத்தால் பாதிக்கப்படுவது நாம்.

வடகாற்று

ஐயா, இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்கப் போகிறேன், உங்கள் அனுமதியோடு. இனத்தைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று பொதுப்படையாகக் கேட்டால் மாணவர்கள் கூடாது என்று கோரஸ் பாடுவார்கள். சர்க்கரை நோயையும் சிறுநீரகத்தையும் அருகருகே வைத்தால்தான் யோசிப்பார்கள்.

என் அளவில் நான் பார்ப்பது, அந்த எண் நோயாளியை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை. 23 என்ற எண் ஒருவரைச் சீக்கிரம் சோதனைக்கு அழைக்கிறது. தவறாக அழைத்தால் ஒரு இரத்தப் பரிசோதனைச் செலவு. 1.21 ஒருவரைச் சிகிச்சையிலிருந்து தள்ளி நிறுத்தியது. அந்தத் தவறின் செலவு டயாலிசிஸ். ஆனாலும் 23 நிரந்தர வேதம் இல்லை. வயிற்றுச் சுற்றளவை அளந்தால் பல நேரம் இனத்தைக் கேட்கவே தேவை வராது.

நுரையீரல் சோதனை இன்னும் கடினமான வழக்கு. நுரையீரல் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டரை ஹட்சின்சன் என்ற மருத்துவர் 1846இல் லண்டனில் அறிமுகப்படுத்தினார். சில ஆண்டுகளிலேயே அது அமெரிக்கத் தோட்டங்களுக்குப் போனது. அடிமைமுறையை மருத்துவத்தால் நியாயப்படுத்திய சாமுவேல் கார்ட்ரைட் அதைக்கொண்டு கறுப்பினத்தவரின் நுரையீரல் கொள்ளளவு 20 விழுக்காடு குறைவு என்று எழுதினார். அந்த நுரையீரலுக்குக் கட்டாய உழைப்பே மருந்து என்பது அவருடைய மருத்துவம்! தப்பியோடும் அடிமைக்கு ஒரு மனநோய்ப் பெயரும் 1851இல் சூட்டியவர் இவர். பிற்காலத்தில் இயந்திரங்களில், இயல்பு என்று கொள்ளும் அளவிலிருந்து கறுப்பினத்தவருக்கு 10 முதல் 15, ஆசியருக்கு 4 முதல் 6 விழுக்காடு கழிவு ஒரு பொத்தானாகவே வந்துவிட்டது. 1999இல் பால்டிமோரில் கல்நார்த் தூசியால் நோயுற்ற தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தபோது, கறுப்பினத் தொழிலாளிக்கு நுரையீரல் கூடுதலாகக் கெட்டிருந்தால்தான் வழக்கை ஏற்க வேண்டும் என்று நிறுவனத் தரப்பு இதே கழிவைக் காட்டி வாதாடப் பார்த்தது. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2023இல்தான் இனம் சாராத சமன்பாட்டுக்கு மாறச் சொன்னது.

நெல்லைச்சீமை

கார்ட்ரைட் அயோக்கியன் என்பதால் அளவு பொய்யாகிவிடாது, தம்பி. உயரம் ஒன்றாக இருந்தாலும் இந்தியருக்கு, அதிலும் தென்னிந்தியருக்கு, அளவு குறைவாக வருவதை இந்தியர்களே இந்தியாவில் அளந்திருக்கிறார்கள். கழிவு இல்லாத சமன்பாட்டைப் போட்டால் நன்றாக மூச்சுவிடும் நம் பையனுக்கு 'நுரையீரல் குறைபாடு' என்று தாள் வரும். தீயணைப்பு வேலைக்குப் போனால் தாளைப் பார்த்தே திருப்பிவிடுவார்கள். அது யாருக்கு நீதி?

வடகாற்று

உண்மை. சங்கத்தின் அறிக்கையும் வேலைவாய்ப்பில் இந்தச் சிக்கல் வரும் என்பதை மறைக்கவில்லை. நான் ஒன்றை மட்டும் கேட்கிறேன். அளவு குறைகிறது, சரி. ஏன் குறைகிறது? குழந்தைப் பருவச் சத்துக்குறைவா, விறகடுப்புப் புகையா, நகரக் காற்றா, உடற்பகுதியின் நீளமா? 'அவர்கள் இனத்துக்கு அதுதான் இயல்பு' என்று கழித்துவிட்டால் புகை தப்பித்துக்கொள்ளும். அடுப்பைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

பழவேற்காடு (நியூ ஜெர்சி)

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். டாக்டர் ஐயா மட்டும் தனியாக நிற்கிறார். நானும் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறேன்.

இந்தத் துறையில் மோசமான ஆய்வுகளும் உலவுகின்றன. அவை 'நல்ல முடிவு' சொல்வதால் யாரும் தட்டிக் கேட்பதில்லை. எடுத்துக்காட்டு: ஃபுளோரிடா பிறப்புப் பதிவுகளை வைத்து 2020இல் ஒரு கட்டுரை வந்தது. கறுப்பினக் குழந்தையைக் கறுப்பின மருத்துவர் கவனித்தால் இறப்பு வீதத்தின் இடைவெளி பெரிதும் குறைகிறது என்றது. உலகமெல்லாம் தலைப்புச் செய்தி. 2023இல் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்னபோது, மாறுபட்ட தீர்ப்பில்கூட இடம்பிடித்தது. 2024இல் அதே இதழில் வேறு இருவர் அதே தரவை மறுபடி ஆராய்ந்தார்கள். 1,500 கிராமுக்கும் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளைக் கணக்கில் எடுத்ததும் அந்த விளைவு ஏறக்குறைய மறைந்துவிட்டது. மிகவும் நலிந்த குழந்தைகள் பெரும்பாலும் வெள்ளை மருத்துவர்களிடம் போயிருந்தன, அவ்வளவே. இதையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்வீர்களா?

சேர்க்கையிலும் இனத்தைப் பார்க்கக் கூடாது என்பதே என் நிலை. என் மகளின் மதிப்பெண்ணோடு வேறு நிறத்தில் பிறந்திருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்றால், அதற்கு என்ன பெயர்?

வடகாற்று

கட்டாயம் சொல்வேன். இரண்டு கட்டுரைகளையும் சேர்த்தே வகுப்பில் வைப்பேன். நன்றி, இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. அதோடு ஓக்லாந்து ஆய்வையும் வைப்பேன். அங்கே கறுப்பின ஆண்களுக்கு எந்த மருத்துவர் என்பதைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள், ஆகவே எடை குறைந்த குழந்தை போன்ற ஒளிந்திருக்கும் காரணம் நுழைய வழி குறைவு. கறுப்பின மருத்துவரிடம் பேசியவர்கள் சர்க்கரை, கொழுப்புச் சோதனைகளுக்குக் கூடுதலாக ஒப்புக்கொண்டார்கள்.

கல்லணை

பழவேற்காடு அண்ணா, உங்கள் மகளைப் பற்றிய வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கையால்தான் இன்றைய மருத்துவக் கல்வியின் வடிவமே வந்தது. ஆய்வகம் வேண்டும், மருத்துவமனை வேண்டும், எல்லாம் சரியான கோரிக்கை. அப்போது கறுப்பின மாணவர்களுக்கு ஏழு கல்லூரிகள் இருந்தன. ஹோவர்ட், மெஹாரி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்றார். மற்ற ஐந்தும் மூடப்பட்டன. கறுப்பின மருத்துவர்களுக்கு அறுவைச் சிகிச்சையைவிடச் சுகாதாரப் பாடமே முக்கியம் என்றும் எழுதினார். அந்த ஐந்தும் மூடப்படாமல் இருந்திருந்தால் 2019க்குள் 35,000க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் கூடுதலாக வெளிவந்திருக்கலாம் என்று 2020இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதே ஆண்டு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் தன் விருதிலிருந்து ஃபிளெக்ஸ்னரின் பெயரை நீக்கியது. பெயரை நீக்குவது சுலபம்.

2023 தீர்ப்புக்குப் பிறகு சேர்ந்த முதல் அணியில், 2024இல், கறுப்பின மாணவர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 11.6 விழுக்காடு குறைந்தது. 2025 மே மாதத்தில் மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு பன்முகத்தன்மை விதியையே எடுத்துவிட்டது. வெள்ளை மாளிகையின் ஆணை வந்த அடுத்த மாதம்! நீங்கள் கேட்டது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நெல்லைச்சீமை

இட ஒதுக்கீடு என்று வந்துவிட்டால் நான் பழவேற்காடு பக்கம் இல்லை; நாற்காலியைத் திருப்பித் தந்துவிடுகிறேன். 1978இல் அமெரிக்காவில் நடந்த பாக்கி வழக்கு, டேவிஸ் மருத்துவக் கல்லூரி தன் 100 இடங்களில் சிறுபான்மையினருக்கு ஒதுக்கிய 16ஐப் பற்றியது. சென்னையில் 1951இல் தீர்ப்பான சண்பகம் துரைராஜன் வழக்கும் மருத்துவக் கல்லூரி இடம் பற்றியதே. அதற்குப் பிறகுதான் இட ஒதுக்கீட்டுக்கு வழிவிட்ட அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம். அது இல்லாவிட்டால் எங்கள் தெருவிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போன முதல் ஆளாக நான் இருந்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் பெயரைப் பார்த்துத் தள்ளினார்கள் என்று கொதிக்கிறோம். நம் ஊர் விடுதிகளில் முதல் வாரமே 'சொந்த ஊர் எது, எந்தத் தெரு?' என்று விசாரிப்பது எதற்கு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவுக்கு வந்த ஆறு மறுமொழிகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இரண்டை நீக்கியிருக்கிறேன், ஏன் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். இந்த இழை மருத்துவக் கல்வியைப் பற்றித் தொடரட்டும்.

மூன்றாமாண்டு (மான்செஸ்டர், மருத்துவ மாணவி)

வணக்கம். நான் இங்கேயே பிறந்தவள். தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாணவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை எங்களுக்கு முதலாண்டில் ஒரு ஸ்லைடில் சொன்னார்கள். 2020 டிசம்பரில் வந்த மிச்சிகன் ஆய்வு: கருவி 92 முதல் 96 வரை காட்டியவர்களில், தமனி இரத்தத்தில் உண்மையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு, வெள்ளையரில் 3.6. எல்லோரும் குறித்துக்கொண்டோம். ஆனால் செய்முறைத் தேர்வில் மாதிரி நோயாளிக்கு 94 என்று எழுதியிருந்தால் 'ஆக்சிஜன் தேவையில்லை' என்பதுதான் விடை. கருவியைச் சந்தேகித்தால் மதிப்பெண் இல்லை. தேர்வு என்ன கேட்கிறதோ அதுதான் எங்களுக்கு மருத்துவம்.

தேர்வைப் பற்றியே ஒரு கேள்வி. குடும்ப மருத்துவராவதற்கான தேர்வில் நம்மவர்கள் அதிகம் தோற்கிறார்கள் என்று வழக்கு நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அது என்ன ஆனது?

வடகாற்று

தங்கையே, தமிழில் பிழை எதுவும் இல்லை.

அந்தத் தேர்வில் நடிகர்கள் நோயாளிகளாக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம், தேர்வாளர் பக்கத்தில் அமர்ந்து மதிப்பிடுவார். மான்செஸ்டர் பேராசிரியர் அனீஸ் இஸ்மாயில் 2013இல் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தார். பிரிட்டனிலேயே படித்த சிறுபான்மை இனத்தவர் முதல் முயற்சியில் தோற்கும் வாய்ப்பு, வெள்ளையரோடு ஒப்பிட்டால் மூன்றரை மடங்கு. வெளிநாட்டில் படித்து வந்தவர்களுக்கு பதினான்கு மடங்குக்கும் மேல். வெளிநாட்டவருக்கு மொழியும் பழக்கமும் காரணம் என்று ஒரு பகுதியை விளக்கலாம். உன்னைப்போல் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவர்களுக்கு என்ன விளக்கம்?

இந்த இஸ்மாயில் பழைய ஆள். 1993இல் சாம் எவரிங்டனோடு சேர்ந்து, தகுதி ஒன்றாகவும் பெயர் மட்டும் வேறாகவும் போலி விண்ணப்பங்களை மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். ஆங்கிலப் பெயருக்கு அழைப்பு இரு மடங்கு வந்தது. மோசடி விண்ணப்பம் அனுப்பியதற்காகக் காவல்துறை இவர்களைத்தான் பிடித்தது; பிறகு வழக்கைக் கைவிட்டார்கள்.

நீ கேட்ட வழக்கு, இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கமான பாப்பியோ தொடுத்தது. 2014 ஏப்ரலில் நீதிபதி மிட்டிங் தள்ளுபடி செய்தார். தேர்வை நடத்தும் குடும்ப மருத்துவர்களின் ராயல் கல்லூரி சட்டத்தை மீறவில்லை என்றார். ஆனால் வழக்கு பொதுநலன் கருதியது, சட்ட வெற்றி இல்லாவிட்டாலும் தார்மிக வெற்றி என்றும், இடைவெளியைக் குறைக்கக் கல்லூரி இனியும் செயல்படாவிட்டால் நிலைமை மாறலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். அந்தத் தேர்வு இப்போது இல்லை. வடிவம் இருமுறை மாறி, 2023 முதல் காணொலி வழியாக நடக்கிறது. இடைவெளி முழுவதும் போகவில்லை. கல்வியில் உள்ள பாகுபாட்டை 2031க்குள் ஒழிப்போம் என்று மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் பொது மருத்துவ மன்றம் 2021இல் இலக்கு வைத்திருக்கிறது. தேர்வாளருக்கு ஸ்லைடு காட்டி அதை எட்ட முடியாது. யார் மதிப்பெண் போடுகிறார், எதற்குப் போடுகிறார் என்ற பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வைத்தால் ஒருவேளை முடியும்.

பழவேற்காடு

அந்தப் பதினான்கு மடங்கில் எவ்வளவு பயிற்சிக் குறை, எவ்வளவு பாரபட்சம் என்று பிரித்துக் காட்டாதவரை நான் நம்பப் போவதில்லை. ஆனால் உங்கள் வகுப்பில் உட்கார்ந்து கேட்பேன்.

நெல்லைச்சீமை

வடகாற்றுத் தம்பிக்கு ஒரு யோசனை. ஒரே உயரம், ஒரே வயதுள்ள இரண்டு நோயாளிகளின் நுரையீரல் அளவுகளைக் கொடுங்கள். ஒருவர் தீயணைப்பு வேலைக்கு விண்ணப்பிப்பவர், மற்றவர் கல்நார் ஆலையில் வேலை செய்து இழப்பீடு கேட்பவர். கழிவோடும் கழிவில்லாமலும் கணக்கிடச் சொல்லுங்கள். யாருக்கு எந்தச் சமன்பாடு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். எண்களை நான் தயாரித்து அனுப்புகிறேன். எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

வடகாற்று

ஐயா, அனுப்புங்கள். திட்டம் மாறிவிட்டது: செயின்ட் ஜார்ஜ் கதைக்குக் கால் மணி நேரம் போதும், மீதி ஐயாவின் இரண்டு நோயாளிகளுக்கும், மெல்லினம் சொன்ன குழந்தைக்கும். பாடத்திட்டக் குழுவிடம் இதிலிருந்து ஆண்டிறுதித் தேர்வில் ஒரு கேள்வி வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மெல்லினம், பழுப்புத் தோலில் காமாலை தெரியும் படங்கள் உங்களிடம் இருக்கின்றனவா?

மெல்லினம்

இருக்கின்றன அண்ணா. ஆனால் பெற்றோர் கற்பித்தலுக்கென்று எழுத்தில் ஒப்புதல் தந்த படங்களை மட்டும்தான் தர முடியும். பகல் வெளிச்சத்தில் எடுத்தவையும் மஞ்சள் விளக்கில் எடுத்தவையும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டையும் காட்டுங்கள், வார்டில் இரண்டாவதுதான் கிடைக்கும். ஒப்புதல் படிவத்தின் மாதிரியை இன்று இரவு தனிமடலில் அனுப்புகிறேன். உங்கள் கல்லூரி அதை ஏற்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.